சாகாவரமும் பட்டியின் கணக்கும்



தேனி மாவட்டத்தில், கம்பம் நகருக்கு அருகே காமயகவுண்டன்பட்டி என்று ஓர் ஊர் உண்டு. சற்றுத் தொலைவில் சுருளி மலையும் அருவியும் இருக்கின்றன. அந்த மலைக் குகைகளில் சித்தர்கள் இன்றும் சாகாமல் வாழ்கிறார்கள் என்பது வட்டாரத்து நம்பிக்கை. பள்ளத்தாக்கின் மறுபுறம், தமிழக – கேரள எல்லை மலையின் உச்சியில் கண்ணகி கோயில் இருக்கிறது. வேங்கை மரத்தடியில் நின்ற கண்ணகியை வானவர் வந்து விண்ணுலகுக்கு அழைத்துச் சென்றனர் என்கிறது சிலப்பதிகாரம். ஆண்டுதோறும் சித்திரா பௌர்ணமி அன்று மக்கள் அந்த மலை ஏறுகிறார்கள்.

ஒரு பக்கம் சாகாதவர்கள். மறுபக்கம் உலகம் விட்டு உலகம் போனவள். நடுவே திராட்சைப் பந்தல்கள்! கதை வளர இதைவிட நல்ல மண் வேண்டுமா?

ஆனால் அறிவியல் படிக்கும் மாணவன் இத்தகைய கதைகளைப் படிக்கலாமா? இக்கேள்விக்குப் பெரியவர்கள் இரண்டு விதமாகப் பதில் சொல்கிறார்கள். 'எல்லாம் புளுகு, நேரம் வீண், பாடப்புத்தகத்தை எடு' என்பார் ஒருவர். 'எல்லாம் உண்மை, நம் முன்னோர் அறியாத அறிவியலா?' என்பார் மற்றொருவர். இருவர் சொல்வதையும் நான் ஏற்கவில்லை. மாயக்கதையைப் படியுங்கள், ஆசை தீரப் படியுங்கள் என்பதே என் கருத்து. ஆனால் கையில் ஒரு பென்சிலும் தாளும் வைத்துக்கொண்டு படியுங்கள். ஏன் என்பதை ஒரு கதையைக் கொண்டே சொல்கிறேன்.

காடாறு மாதம், நாடாறு மாதம்

உங்கள் பாட்டியைக் கேட்டால் இந்தக் கதையைச் சொல்லிவிடுவார். பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை என்ற பெயரில் திருவிழாக் கடைகளிலும் பேருந்து நிலையங்களிலும் பல காலம் விற்ற நூல் அது. சாகாவரமும் வேற்றுலகப் பயணமும் ஒரே நூலுக்குள் கிடைக்கின்றன.

தேவேந்திரன் சபையில் ஒரு சிக்கல். ரம்பை, ஊர்வசி இருவரில் நாட்டியத்தில் சிறந்தவர் யார் என்று தேவர்களால் தீர்மானிக்க முடியவில்லை. உச்சயினியை ஆண்ட விக்கிரமாதித்தனை விண்ணுலகத் தேரில் அழைத்து வரச் செய்கிறான் இந்திரன். அரசன் ஒரு வேலை செய்கிறான். தேள் முதலிய கொட்டும் உயிர்களை உள்ளே வைத்துக் கட்டிய பூச்செண்டை ஆளுக்கொன்று கொடுத்து ஆடச் சொல்கிறான். ரம்பை செண்டை இறுகப் பிடிக்கிறாள், கொட்டு வாங்குகிறாள், தாளம் தவறுகிறது. ஊர்வசியோ செண்டை மென்மையாகப் பிடித்து, தாளம் தவறாமல் ஆடி முடிக்கிறாள். அவளே வென்றாள் என்று தீர்ப்பாகிறது. மகிழ்ந்த இந்திரன், 32 படிகளும் படிக்கொரு பதுமையும் கொண்ட சிம்மாசனத்தை அளித்து, அதில் அமர்ந்து 1000 ஆண்டு அரசாள வரமும் தருகிறான்.

அரசனின் மதியூக மந்திரி பட்டிக்கு இது தெரிகிறது. அவன் காளியிடம் போய் 2000 ஆண்டு ஆயுள் கேட்கிறான். அரசனின் தலையைக் கொண்டு வந்தால் தருவதாகக் காளி சொல்கிறாள். பட்டி அப்படியே செய்து வரத்தைப் பெற்றுக்கொண்டு, உடனே சிரிக்கிறான். இந்திரன் கொடுத்த 1000 ஆண்டு வரம் இதோ ஒரே நாளில் வெட்டுப்பட்டுப் போயிற்றே, நீ தந்த வரத்தை மட்டும் எப்படி நம்புவது என்று கேட்கிறான்! காளி அரசனை உயிர்ப்பிக்க வழி சொல்கிறாள். பிழைத்தெழுந்த அரசனுக்கு ஒரு குறை: 'உனக்கு 2000, எனக்கு 1000 தானா?' பட்டி வழி காட்டுகிறான். சிம்மாசனத்தில் அமர்ந்து ஆளும் காலம்தானே 1000 ஆண்டு? ஆண்டில் ஆறு மாதம் நாட்டை ஆளுங்கள், ஆறு மாதம் காட்டில் திரியுங்கள். உங்களுக்கும் 2000 ஆகிவிடும்!

இதில் அறிவியல் மாணவனுக்கு என்ன இருக்கிறது? மூன்று கேள்விகள் இருக்கின்றன. எந்த மாயக்கதையைப் படித்தாலும் அவற்றைக் கேளுங்கள்.

முதல் கேள்வி: விதி என்ன?

நல்ல மாயக்கதையில் எதுவும் நடக்கலாம் என்று நினைப்பது தவறு. அங்கும் விதி உண்டு. '1000 ஆண்டு' என்பதல்ல விதி. 'சிம்மாசனத்தில் அமர்ந்த 1000 ஆண்டு' என்பதே விதி. பட்டி அந்த ஒரு சொல்லைக் கவனித்தான், ஆயுளை இரட்டிப்பாக்கினான். தேர்வில் கணக்கைச் சரியாகப் படிக்காமல் விடை எழுதும் நம்மில் பலர் அவனிடம் பாடம் கேட்க வேண்டும்.

அரசன் செய்த சோதனையையும் பாருங்கள். இருவருக்கும் ஒரே மாதிரிச் செண்டு, ஒரே சபை, ஒரே வேலை. வேறுபாடு ஆடுபவரிடம் மட்டும். ஆய்வுக்கூடத்தில் நாம் செய்வதும் இதுதான். ஆனால் குறையும் உண்டு. அது ஒரே ஒரு முறை செய்த சோதனை. ரம்பையின் செண்டில் இருந்த தேள் கொஞ்சம் கோபக்காரத் தேளாக இருந்திருந்தால்? செண்டுகளை மாற்றிக் கொடுத்து மறுபடி ஆடச் சொல்லியிருக்க வேண்டாமா? இப்படிக் கேட்கும்போது கதையின் சுவை கூடுகிறதேயன்றிக் குறைவதில்லை.

பட்டி காளியிடம் சிரித்த இடம் இன்னும் உயர்ந்தது. சொன்னவர் தெய்வமே ஆனாலும், சொன்னதற்கு மாறாக ஒரு நிகழ்ச்சி கண்முன் நடந்துவிட்டால் சொன்னதை மறுபடி சோதிக்க வேண்டும். அறிவியலின் அடிப்படைக் குணம் அது.

இரண்டாவது கேள்வி: அளவு என்ன?

ஒரே நிகழ்வுக்கு ஒரு கடிகாரம் 1000 ஆண்டும் மற்றொன்று 2000 ஆண்டும் காட்ட முடியுமா? முடியும் என்று 1905-இல் ஐன்ஸ்டீன் காட்டினார். வேகமாகப் பயணம் செய்பவரின் கடிகாரம், தரையில் நிற்பவரின் கடிகாரத்தைவிட மெதுவாக ஓடும். இதைச் சார்பியல் தத்துவம் என்கிறோம். 1971-இல் ஹாஃபேல், கீட்டிங் என்ற இரு அமெரிக்க அறிஞர்கள் அணுக் கடிகாரங்களை விமானத்தில் ஏற்றி உலகைச் சுற்றி வந்து இந்த வேறுபாட்டை நானோ விநாடி அளவில் அளந்தார்கள். உங்கள் வீட்டுக் கைப்பேசிக்கு வழி காட்டும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களிலும் இது நாள்தோறும் நடக்கிறது. வேகத்தால் அவற்றின் கடிகாரம் நாளுக்கு 7 மைக்ரோ விநாடி பின்தங்குகிறது. உயரத்தில் புவியீர்ப்பு குறைவு என்பதால் 45 மைக்ரோ விநாடி முந்துகிறது. கூட்டிக் கழித்தால் 38 மைக்ரோ விநாடி மிகுதி. இதைத் திருத்தாவிட்டால் வழிகாட்டி ஊரையே தவறாகக் காட்டும்.

சரி, பட்டியின் கணக்குக்கு என்ன வேகம் வேண்டும்? மண்ணில் 2000 ஆண்டு கழியும்போது பயணிக்கு 1000 ஆண்டே கழிய வேண்டும். சமன்பாட்டில் இட்டுப் பார்த்தால், ஒளியின் வேகத்தில் 86.6 சதவீதம் என்று விடை வருகிறது. அதாவது விநாடிக்கு ஏறத்தாழ 2,60,000 கிலோமீட்டர்! அந்த வேகத்தில் ஒரு பொருளின் இயக்க ஆற்றல் சரியாக அதன் நிறை ஆற்றலுக்குச் சமம். 60 கிலோ எடையுள்ள ஒருவரை மட்டும், கப்பல் இல்லாமல், சோறு தண்ணீர் இல்லாமல், அந்த வேகத்துக்குக் கொண்டுவர 1.5 லட்சம் கோடி யூனிட் மின்சாரம் தேவை. இன்று இந்தியா முழுவதும் ஏறத்தாழ பத்து மாதங்களில் உற்பத்தி செய்யும் மின்சாரம் அது. இந்திரன் அனுப்பிய தேருக்கு யார் மின்கட்டணம் கட்டினார்களோ!

இதற்கு நேர்மாறாக நம் கையில் உள்ளதைப் பாருங்கள். 1977-இல் ஏவப்பட்ட வாயேஜர்-1 விநாடிக்குச் சுமார் 17 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. 2012-இல் சூரியனின் காற்று எட்டும் எல்லையைக் கடந்தது. சூரியனை அடுத்து நமக்கு மிக அருகில் உள்ள விண்மீன் 4.24 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது. அந்தத் தொலைவைக் கடக்க இந்த வேகத்தில் ஏறக்குறைய 75,000 ஆண்டு ஆகும்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. 'காலம் எல்லா உலகிலும் ஒன்றல்ல என்று புராணமே சொல்கிறது. ஆகவே சார்பியல் நம்முடையது' என்று மேடையில் பேசக் கேட்டிருப்பீர்கள். பிரமலோகத்தில் சிறிது நேரம் பாட்டுக் கேட்டுவிட்டுத் திரும்பிய அரசனுக்கு மண்ணில் யுகங்கள் கழிந்திருந்த கதை விஷ்ணு புராணத்தில் உண்டுதான். அழகான கற்பனை. அதை எண்ணிப் பெருமைப்படுங்கள். ஆனால் எந்த வேகத்துக்கு எவ்வளவு வேறுபாடு என்று அந்தக் கதை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் விமானத்தில் கடிகாரத்தை ஏற்றிச் சோதித்திருக்கலாம். 'இப்படியும் இருக்குமோ?' என்று கேட்பது கற்பனை. 'எவ்வளவு?' என்று அளப்பது அறிவியல். முதலாவது இல்லாமல் இரண்டாவது பிறக்காது. ஆனால் முதலாவதே இரண்டாவது ஆகிவிடாது.

பறக்காமலே ஆயுள் கடிகாரத்தை நிறுத்தும் வழியும் இயற்கையில் உண்டு. பாசியில் வாழும் நீர்க்கரடி என்ற நுண்ணுயிரை எடுத்துக்கொள்ளுங்கள். 1983-இல் அண்டார்டிகாவில் சேகரித்து உறைநிலையில் வைத்த பாசியை 2014-இல் ஜப்பானியர் உருக்கியபோது, அதிலிருந்த நீர்க்கரடிகள் எழுந்து நடந்தன; முட்டையும் இட்டன. இஸ்ரேலில் மசாதா கோட்டை இடிபாடுகளில் கிடைத்த, ஏறத்தாழ 2000 ஆண்டுப் பழமையுள்ள பேரீச்ச விதை 2005-இல் நடப்பட்டு முளைத்தது. இவையெல்லாம் காடாறு மாதம்தான். வாழ்க்கை நின்றிருக்கும் காலம் கணக்கில் சேரவில்லை!

மூன்றாவது கேள்வி: விலை என்ன? யார் கொடுக்கிறார்கள்?

மூன்றிலும் முக்கியமான கேள்வி இதுவே. பலரும் கேட்க மறப்பதும் இதுதான்.

காமயகவுண்டன்பட்டிக்கு வருவோம். சாகாதவரைத் தேடி மலைக்குகைக்குப் போக வேண்டாம். சுற்று வட்டாரத்துத் திராட்சைப் பந்தலுக்குக் கீழே போய் நில்லுங்கள். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை, மஸ்கட் ஹாம்பர்க் என்ற வகையைச் சேர்ந்தது. 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் இரு திராட்சை வகைகள் கலந்து உண்டான ஒரு விதை முளைத்து வந்த கொடி அது. பன்னீர் திராட்சையில் விதை உண்டு. ஆனால் அந்த விதையை யாரும் விதைப்பதில்லை. கொடியின் குச்சியை வெட்டி நடுகிறார்கள். அது வளர்ந்ததும் அதிலிருந்து குச்சி. அதிலிருந்து மறுபடி குச்சி. ஆக, பந்தலில் தொங்குவது அந்த முதல் கொடியின் பிள்ளையோ பேரனோ அல்ல, அதே கொடிதான்! நூறாண்டுக்கு மேலாகச் சாகாமல், கடல் தாண்டி, கண்டம் தாண்டி வந்திருக்கிறது. உலகம் விட்டு உலகம் போகும் சிரஞ்சீவி என்று அதைச் சொல்வதில் தவறென்ன?

ஆனால் விலை? விதையில் பிறந்த பிள்ளைகள் ஒன்றுபோல் இருக்க மாட்டா. ஒரு நோய் வந்தால் சில மடியும், சில பிழைக்கும். குச்சியில் வந்தவை எல்லாம் ஒரே அச்சு. ஒன்றைத் தாக்கும் அடிச்சாம்பல் நோய் எல்லாவற்றையும் தாக்கும். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிலோக்சரா என்ற சிறு பூச்சி பிரான்சின் திராட்சைத் தோட்டங்களை அழித்தது. அமெரிக்கத் திராட்சையின் வேரில் ஒட்டுக்கட்டித்தான் மீட்க முடிந்தது. வாழையும் அப்படியே. உலகச் சந்தையை ஆண்ட குரோ மிஷல் என்ற வாழையை 1950-களில் பனாமா வாடல் நோய் வீழ்த்தியது. அதன் இடத்துக்கு வந்த கேவண்டிஷ் இனத்தைச் சேர்ந்ததுதான் தேனி மாவட்டத்தில் பெருமளவில் பயிராகும் ஜி-9. அதையும் தாக்கக்கூடிய புதிய வாடல் நோய் இந்தியாவிலும் கண்டறியப்பட்டுள்ளது. சாகாத கொடிக்கு மாறத் தெரியாது. அதனால் மருந்தடித்து, கவாத்து செய்து, இரவு பகலாக அதைக் காப்பவர் விவசாயி. அந்தச் சிரஞ்சீவிக்காக விலை கொடுப்பவரும் அவரே.

நம் உடலுக்குள் பார்ப்போமா? மனித உயிரணுக்கள் ஓர் அளவுக்கு மேல் பிரிவதில்லை. 40 முதல் 60 முறை பிரிந்தபின் நின்றுவிடுகின்றன என்று 1961-இல் ஹேஃப்ளிக் என்பவர் கண்டார். நிறப்புரியின் நுனியில் உள்ள டெலோமியர் ஒவ்வொரு பிரிவிலும் தேய்ந்துகொண்டே வருவது இதற்கு ஒரு காரணம். இந்த ஆராய்ச்சிக்கு 2009-இல் மூவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இந்த வரம்பை மீறிச் சாகாமல் பெருகும் உயிரணுக்களும் உண்டு. அவற்றுக்கு நாம் வைத்திருக்கும் பெயர் புற்றுநோய். 1951-இல் அமெரிக்காவில் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் புற்றுக் கட்டியிலிருந்து எடுத்த உயிரணுக்கள் இன்றும் உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் வளர்கின்றன. மருத்துவம் அவற்றால் பெற்ற பயன் மிகப் பெரிது. ஆனால் அந்த அம்மாள் அதே ஆண்டில், 31 வயதில் இறந்தார். உயிரணுக்களை எடுத்ததும் அவர் அனுமதி கேட்டு அல்ல. உயிரணுவுக்குச் சாகாவரம்; உயிரணுவைத் தந்தவருக்கு மரணம். விலையை யார் கொடுத்தார் என்று பார்த்தீர்களா?

சிதம்பரத்தில் பிறந்து, அதே 2009-இல் வேதியியலுக்காக நோபல் பரிசு பெற்ற வெங்கி ராமகிருஷ்ணன், நாம் ஏன் இறக்கிறோம் என்பதைப் பற்றியே 2024-இல் ஒரு நூல் வெளியிட்டார். மூப்பைத் தள்ளிப்போடும் ஆராய்ச்சி இன்று மும்முரமாக நடக்கிறது. அது நல்லதுதான். ஆனால் சாகாமல் வாழ்ந்த மனிதர் ஒருவரும் இல்லை. நம்பத் தகுந்த ஆவணங்களுடன் மிக நீண்ட காலம் வாழ்ந்தவர் பிரான்சு நாட்டு ழான் கல்மான் என்ற அம்மையார். 1997-இல் 122 வயதில் இறந்தார்.

இதை நான் வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சித்தர் பெயரைச் சொல்லி, காயகல்பம் என்று சீட்டு ஒட்டிய புட்டியை விற்பவர்கள் கதையைக் கதையாக விடுவதில்லை, காசாக மாற்றுகிறார்கள். முறையாகப் படித்த சித்த மருத்துவரை நான் குறை சொல்லவில்லை. என்ன இருக்கிறது என்றே சொல்லாத புட்டியைத்தான் சொல்கிறேன். அதில் பாதரசமோ ஈயமோ கலந்திருந்தால் சிறுநீரகமும் நரம்பும் கெடும். வாங்கிச் சாப்பிடுபவர் யார்? மூட்டுவலியோடு தோட்டத்தில் வேலை செய்யும் உங்கள் தாத்தாவாகவும் இருக்கலாம். பட்டி காளியிடம் கேட்ட கேள்வியை அந்த விற்பனையாளரிடம் கேட்க உங்களுக்குத் துணிவு வர வேண்டும். கதையை மகிழ்ச்சியாகப் படித்துப் பழகியவனுக்கு, எது கதை என்பதும் தெரிந்திருக்கும்.

நமக்கு உண்மையாகவே கிடைத்த வரம் ஒன்று உண்டு. நாடு விடுதலை பெற்ற காலத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் சுமார் 32 ஆண்டு. இன்று சுமார் 70. பட்டியின் தந்திரத்தைப் போலவே இரட்டிப்பு! இதற்காக யாரும் யாருடைய தலையையும் வெட்டவில்லை. தடுப்பூசி, தூய குடிநீர், நோய்க்கிருமியைக் கொல்லும் மருந்துகள், பாதுகாப்பான பிரசவம், வயிற்றுக்குச் சோறு ஆகியவை தந்த வரம் இது. இந்திய மண்ணில் பெரியம்மை 1975-லும், இயற்கையான இளம்பிள்ளைவாதக் கிருமியால் வந்த நோய் 2011-லும் கடைசியாகக் காணப்பட்டன. இந்த வரம் அரசனுக்கும் மந்திரிக்கும் மட்டும் கிடைத்ததல்ல. எல்லார் வீட்டுக் குழந்தைக்கும் கிடைத்தது. மாயக்கதைகளில் வராத இந்தப் பகுதிதான் எனக்கு மிகவும் பிடித்தது.

ஒன்றை மட்டும் எண்ணிப் பாருங்கள். விக்கிரமாதித்தன் நல்ல அரசன்தான். ஆனாலும் 2000 ஆண்டுக்கு ஒரே அரசன், ஒரே மந்திரி என்றால், இடையில் பிறந்த அறிவாளிப் பிள்ளைகளுக்கெல்லாம் அந்த நாட்டில் இடம் ஏது? புதிய தலைமுறை, புதிய கேள்வி, புதிய விடை என்பதெல்லாம் பழையவர்கள் இடம் விடுவதால் வருவது. திராட்சைப் பந்தல் சொல்வதும் அதுதான். மாறாமல் இருப்பது பலம் போல் தோன்றினாலும், நோய் வரும் நாளில் அதுவே பலவீனம்.

ஆகவே நண்பர்களே, வீட்டில் பழைய விக்கிரமாதித்தன் கதை கிடந்தால் தூசி தட்டி எடுங்கள். இல்லையென்றால் நூலகத்தில் கேளுங்கள். விதி என்ன, அளவு என்ன, விலை என்ன என்று மூன்று கேள்விகளையும் ஓரத்தில் எழுதிக்கொண்டு படியுங்கள். கணக்கு ஒன்றும் தருகிறேன். விக்கிரமாதித்தன் ஆண்டில் மூன்று மாதம் மட்டும் நாட்டில் இருந்து, ஒன்பது மாதம் காட்டில் இருந்தால் எத்தனை ஆண்டு வாழ்வான்? அதே பயனை விண்கப்பலில் பெற வேண்டுமானால் என்ன வேகம் வேண்டும்? முதல் விடை மனக்கணக்கு. இரண்டாவதற்கு உங்கள் இயற்பியல் ஆசிரியரைப் பிடித்துக்கொள்ளுங்கள். 'கதைப் புத்தகத்தில் வந்த சந்தேகம் சார்' என்றே சொல்லுங்கள்.